வெறும் துவக்கு

என் வாழ்நாளில் ஒரேயொரு தடவைதான் நான் சுடுகிற துவக்கைக் கையில் எடுத்திருக்கிறேன். அதுவும் அரை நிமிடம்கூட இராது. அந்த அரை நிமிடத்தில் நான் செய்த வேலையை நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது. சிறுபிள்ளைத்தனம் என்று சொல்லி ஊரில் சிலர் என்னை மன்னித்துவிட்டார்கள். மன்னிப்பதற்கு அவர்களுக்கு என்ன, இழந்தது அவர்களா? எனக்கு அப்போது பத்து வயது. பத்து வயதுக்காரிக்கு எல்லாம் தெரிந்திராது என்பது சரிதான். ஆனால் எனக்கு எது நன்றாகத் தெரிந்திருந்ததோ, அதை வைத்துத்தான் அந்தக் கெடுதியைச் செய்தேன். அதனால் வயதைக் காட்டி நான் தப்ப முடியாது.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. வாவிக்கு அந்தப் பக்கம் கடலோரமாக இருப்பது எழுவான்கரை. சூரியன் அங்கே எழுந்து இங்கே படும். வயல் எங்கள் பக்கம். வயலுக்குச் சொந்தக்காரர் பலர் அந்தப் பக்கம். 'பாதை' என்று நாங்கள் சொல்லும் பெரிய மிதவையில் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு காலையில் வருவார்கள், பின்னேரம் திரும்பிப் போவார்கள். எங்கள் வட்டைக்கு, அதாவது எங்கள் பக்கத்து வயல்வெளி முழுவதற்கும், விதானையாராக இருந்தவரும் அப்படிச் செட்டிபாளையத்திலிருந்து வருகிறவர்தான். வாய்க்காலில் தண்ணீர் எப்போது திறப்பது, வேலி எப்போது அடைப்பது எல்லாம் அவர் வாயிலிருந்து வர வேண்டும். சத்தம் போட்டுப் பேசமாட்டார். அவர் மெதுவாகச் சொன்னால் ஊர் ஓடிப்போய்ச் செய்யும்.

அந்த விதானையாரின் இரண்டாவது மகனுக்குத்தான் எங்கள் சின்னம்மாவைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சின்னம்மா என்றால் அம்மாவின் ஒரே தங்கை. அப்போது இருபத்தாறு வயது. அப்பா கட்டாரில் இருந்தார். வீட்டில் அம்மா, சின்னம்மா, நான், இரண்டரை வயதில் தம்பி. சின்னம்மா தையல் மெசினில் ஊருக்கெல்லாம் சட்டை தைப்பார். சின்ன வயதில் டவுணில் ஒரு கொன்வென்டில் தங்கித் தையல் படித்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். யார் கேட்டாலும் அம்மா அதை ஒரே சொற்களில், ஒரே மூச்சில் சொல்வார். "கொன்வென்டில நிண்டு தையல் படிச்சவ, சிஸ்டர்மாருக்கு இவவ விட மனமில்ல." எத்தனையோ தரம் கேட்டுக் கேட்டு எனக்கும் அது பாடமாகிவிட்டது. எந்தக் கொன்வென்ட் என்று மட்டும் அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு இருந்தது வாய் மட்டும்தான். வகுப்பில் என்னை 'லவுட்ஸ்பீக்கர்' என்பார்கள், நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு திரிந்தேன்.

சம்பந்தம் ஏறக்குறைய முடிவான மாதிரித்தான். மாப்பிள்ளை நல்ல மனிதர், அதிகம் பேசாதவர், வயல் வேலைக்கு வரும்போதெல்லாம் எங்கள் வேலியோரமாக மோட்டார் சைக்கிளை மெதுவாக்குவார். சாதகம் பார்த்தாகிவிட்டது, பொருத்தம் நன்றாக இருக்கிறது என்று சாத்திரியார் சொல்லிவிட்டார். அம்மா சின்னம்மாவையும் எங்களையும் கூட்டிக்கொண்டு காத்தான்குடிக்குப் போய்ச் சேலை எடுத்தார். மாம்பழ நிறத்தில், சரிகை வைத்த சேலை. சின்னம்மா அதைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தபோது கடைக்காரர், "மாஷா அல்லாஹ், இது உங்களுக்கெண்டே வந்த மாதிரி இரிக்கி," என்றார். சின்னம்மா வெட்கப்பட்டதை அன்றுதான் நான் முதன்முதல் பார்த்தேன். சேலை எடுத்த சந்தோசத்தில் அம்மா எனக்கும் ஒரு சாமான் வாங்கித் தந்தார். கறுப்பு நிறப் பிளாஸ்டிக் துவக்கு. இழுத்தால் டிக் டிக் என்று சத்தம் போடும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைத் தம்பிக்கு நேரே நீட்டி, "டுமீல்" என்றேன். தம்பி சிரித்தான். அடுப்படியில் நின்ற சின்னம்மா எப்படி வந்தார் என்று தெரியாது, துவக்கு என் கையில் இல்லை.

"ஆருக்கு நேர புடிச்சாய்?"

"தம்பிக்கு. இது சும்மா விளையாட்டுத் துவக்குதானே சின்னம்மா, உள்ளுக்கு ஒண்டும் இல்ல."

"உள்ளுக்கு ஒண்டும் இல்லயெண்டு ஆரு சொன்ன? வெறும் துவக்கு எண்டு ஒண்டு இல்லகா. விளையாட்டுக்கும் ஆளுக்கு நேர புடிக்கப்படாது. வெளங்கிச்சா?"

முகம் வேறு ஆளுடைய முகம் மாதிரி இருந்தது. நான் பயந்து அழத் தொடங்கியதும் சின்னம்மாவுக்குப் பாவமாகிவிட்டது. பக்கத்தில் இருத்தி, கண்ணைத் துடைத்துவிட்டார். நான் விடுவேனா? அழுகை நின்றதும் கேள்வி கேட்கத் தொடங்கினேன். இது என்ன, அது என்ன, எதுக்கு இப்படி வளைந்திருக்கு? சின்னம்மா ஏதோ யோசனையில், மெசினில் ஊசி கோர்க்கிற கவனத்தோடு பதில் சொன்னார். இது சுடுகுழல். இது விசைவில். சுடப்போகிற நேரம் வரைக்கும் விரல் இதற்குள் போகக்கூடாது, இப்படி நீட்டி வெளியே வைக்க வேண்டும். கையில் எடுத்ததும் முதலில் திறந்து பார்க்க வேண்டும். குறிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். சொல்லிக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்தினார்.

"இதெல்லாம் வெளியில போய்ப் பறையாத, என்ன?"

"ஓம்," என்றேன். கொன்வென்டில் சிஸ்டர்மார் தையலோடு இதையும் படிப்பித்திருக்கிறார்கள் என்று எனக்குப் பெரிய மதிப்பு வந்தது. நானும் பெரியவளானதும் அங்கேதான் படிப்பது என்று முடிவு செய்தேன்.

இதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அந்த வாரத்தில் இன்னும் இரண்டு தரம், வேண்டுமென்றே, தம்பிக்கு நேரே அந்தத் துவக்கை நீட்டிப் பார்த்தேன். ஒருதரம் சின்னம்மா மெசினில் இருந்தார். ஒருதரம் கிணற்றடியில் இருந்தார். இரண்டு தரமும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுப் பறந்து வந்தார். எனக்கு அது ஒரு வேடிக்கை. ஒரு ஆளின் எந்த இடத்தில் தொட்டால் துள்ளும் என்று கண்டுபிடித்துவிட்ட சந்தோசம். இரண்டாம் தரத்தோடு துவக்கு அலுமாரிக்கு மேலே போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் வட்டைக்குத் துவக்கு வந்தது. வெடிமருந்துத் துவக்கு அல்ல, காற்றின் விசையில் சின்ன ஈயக் குண்டு போகிற எயார் ரைபிள். கதிர் முற்றுகிற காலத்தில் கிளியும் குரங்கும் பண்ணுகிற அநியாயத்துக்குக் கமக்காரர் எல்லோரும் அரசாங்கத்துக்கு மனுக் கொடுத்திருந்தார்கள். இரண்டு ரைபிள் தருவதாகவும், முறைவைத்துப் பாவிக்கலாம் என்றும் பதில் வந்தது. ஆனால் அதற்கு முதல் ஒருநாள் பயிற்சி. வயல் உள்ள வீட்டிலிருந்து ஒரு ஆள் கட்டாயம் வர வேண்டும். எங்கள் வயல் அம்மாவின் பேரில் இருந்தது. அம்மாதான் போவதாக இருந்தது. பயிற்சிக்கு முதல்நாள் அம்மாவின் பெரியப்பா முறையான ஒருவர் ஏறாவூருக்குப் பக்கத்தில் செத்துப்போனார்.

"நீதான் போகணும்," என்றார் அம்மா சின்னம்மாவிடம்.

"எனக்கு ஒண்ணாதுக்கா. நீ வேற ஆரயும் அனுப்பு."

"வேற ஆரு இரிக்கா? மாப்பிள்ள வீட்டாக்கள் எல்லாரும் வருவாங்க. நம்மட வீட்டில மட்டும் ஒருத்தரும் போகாட்டி என்ன நினைப்பாங்க? போய் ஒண்டும் தெரியாத மாதிரி ஒரு மூலையில இரிந்துட்டு வா. பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போ, பாக்கிறாக்களுக்கு நல்லா இரிக்கும்."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கச் சொன்னது, பேசி வைத்த பெண் அடக்கமாக இருக்க வேண்டும் என்பதற்காக என்று விளங்கிக்கொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது. இவ்வளவு தெரிந்த சின்னம்மா ஏன் மூலையில் இருக்க வேண்டும்?

பயிற்சி எங்கள் ஊர்ப் பல்நோக்குக் கட்டிடத்தில், சனிக்கிழமை காலை நடந்தது. படிப்பிக்க வந்தவர் தலை நரைத்த சிங்கள ஐயா, முன்பு பட்டாளத்தில் இருந்தவராம். அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல ஒரு இளம் ஆளும் வந்திருந்தார். ஐயா இரண்டு நிமிடம் கைகாலை ஆட்டிப் பேசுவார். இவர், "கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்கிறார்," என்று முடித்துவிடுவார்.

முதல் பாடமே துவக்கு வெறுமையாக இருந்தாலும் அது நிறைத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது. பின் வரிசையில் இருந்த ஒரு கமக்காரர், "வெறும் பானைக்கும் அப்பிடி நினைச்சா வயிறு நிறையுமா தம்பி?" என்று கேட்டார். கட்டிடமே சிரித்தது. மொழிபெயர்த்துச் சொன்னதும் ஐயாவும் சிரித்தார். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சுவரோரம் வைத்த பால்மா டின்னுக்குச் சுடக் கொடுத்தார். எங்கள் ஆட்கள் துவக்கைப் பிடித்த விதத்தைப் பார்க்க வேண்டும்! மண்வெட்டி மாதிரித் தோளில் போட்டவர் ஒருவர். இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு சுட்டவர் ஒருவர். மாப்பிள்ளையே அதைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பக்கமும் திரும்பித் திரும்பிக் கதைத்தார். முன்வரிசை குனிந்து குனிந்து எழும்பியது. சின்னம்மா கடைசி வரிசையில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தையே பார்த்தபடி இருந்தார். அவர் அடக்கமாக இருக்கிறார் என்று பெண்கள் தங்களுக்குள் மெச்சிக்கொண்டார்கள்.

நான் முன்னால் இருந்தேன். எனக்குப் பக்கத்தில் விதானையாரின் பேத்தி. மாப்பிள்ளைக்கு அண்ணன் மகள், என் வயது, சப்பாத்தும் வெள்ளைக் கால்மேசும் போட்டிருந்தாள். அவளுடைய சித்தப்பா எதைச் செய்தாலும் அவள் என் விலாவில் இடித்துக் காட்டுவாள். எனக்குக் காட்ட ஆள் இல்லை என்பது உள்ளுக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

ஐயா இழுக்கிற இடத்தைத் தொட்டுக்காட்டி ஏதோ கேட்டார். "இதற்கு உங்களுடைய தமிழில் பெயர் என்ன என்று கேட்கிறார்," என்றார் மற்றவர். ஒருவர் குதிரை என்றார். இன்னொருவர் கொக்கி என்றார். நான் எழும்பி நின்று, கட்டிடம் முழுவதற்கும் கேட்க, "விசைவில்!" என்றேன்.

சிரித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள்.

அந்தச் சொல்லில் என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. எங்கள் பக்கத்தில் அந்த மாதிரிச் சுத்தத் தமிழில் துவக்கைப் பற்றிப் பேசியவர்கள் ஒரு கூட்டத்தார்தான். மெசின், றோட்டு, லாம்பு என்று பேசுகிற மனிதர் துவக்கின் உறுப்புகளுக்கு மட்டும் தூய தமிழ் வைத்திருந்தால், அவர் இயக்கத்தில் இருந்தவர் என்று அர்த்தம். சண்டை முடிந்து நாலைந்து வருடம்தான் ஆகியிருந்தது. அப்படி ஒரு பெயர் வந்தால் விசாரணைக்கு ஆட்கள் வருவார்கள், பதிவு என்பார்கள், பேசி வைத்த கலியாணம் அதோடு சரி. அதற்காகவே எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் கொன்வென்டிலும் மாமா வீட்டிலும் படித்தவர்கள் ஆனார்கள். பதினைந்து வயதில் பள்ளிக்கூடம் போன சின்னம்மாவை வழியில் வைத்து இயக்கத்தார் கொண்டுபோனார்கள், இரண்டு வருடத்தில் இயக்கம் இரண்டாகப் பிரிந்தபோது வீட்டுக்கு ஓடி வந்தார் என்பது எனக்குப் பதினேழு வயதில்தான் சொல்லப்பட்டது.

விதானையார் கதிரையில் இருந்தபடியே என் பக்கம் திரும்பினார். "கெட்டிக்காரி. ஆருகா உனக்குச் சொல்லித் தந்த?" என்று மெதுவாகக் கேட்டார்.

கெட்டிக்காரி என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "எங்கட சின்னம்மா! அவவுக்கு எல்லாந் தெரியும். கண்ணைக் கட்டிட்டும் துவக்கைக் கழட்டிப் பூட்டுவா!" என்றேன். கண்ணைக் கட்டுகிற கதை நான் அந்த நிமிடத்தில் கட்டியது. அந்தப் பேத்திக்காகக் கட்டியது.

சின்னம்மா சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அவரிடம் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை. "ஐயோ, இவள்ட வாய்! ரேடியோவில என்னத்தயோ கேட்டுட்டு வந்து பறையிறாள். எனக்கு ஊசி நூலத் தவிர வேற என்ன தெரியும்?" என்றார். ஐயாவுக்கு விசயம் மொழிபெயர்க்கப்பட்டது. அவர் வேடிக்கையாக, "வாங்க அம்மே, வாங்க," என்று கூப்பிட்டு ரைபிளை நீட்டினார்.

சின்னம்மா அதை விளக்குமாறு பிடிக்கிற மாதிரிப் பிடித்தார். மரக்கட்டைப் பக்கத்தைக் கக்கத்தில் வைத்தார். "இத இழுக்கிறதா? இல்லாட்டி இதயா?" என்று கேட்டார். சுட்டபோது குண்டு கூரைப் பக்கம் போய்விட்டது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார்; அவர் முகத்தில் இருந்தது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. விதானையார்கூடச் சிரித்தார். சின்னம்மா வெட்கப்பட்டுக்கொண்டு மூலைக்குத் திரும்பிப் போனார். எல்லாம் சரியாகப் போயிருந்தது. அந்த இடத்தில் நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால், அந்த மாம்பழ நிறச் சேலையைச் சின்னம்மா கட்டியிருப்பார்.

"பொய்க்காரி," என்றாள் பேத்தி.

அதைக் கேட்டுப் பக்கத்துப் பிள்ளைகளும் சொல்லத் தொடங்கினார்கள். பொய்க்காரி, பொய்க்காரி. சின்னம்மா ஏன் பொய்யாக நடித்தார்? என்னை ஏன் எல்லோருக்கும் முன்னால் வெட்கப்படுத்தினார்? எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை நான் இன்றுவரை யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை. காட்டுகிறேன் பார் என்று நினைத்தேன்.

தேத்தண்ணி வந்தது. ஐயா வெளியே கையலம்பப் போனார். மொழிபெயர்த்தவர் அடுத்த ஆளுக்குச் சுடக் கொடுப்பதற்காக ரைபிளை முறித்து, அதாவது குழலை மடித்துத் திறந்து, குண்டு நிறைத்து வைத்திருந்தார். தேத்தண்ணித் தட்டைக் கண்டதும் அதை அப்படியே மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். அவர் நிறைத்ததை நான் பார்க்கவில்லை. காலையிலிருந்து எல்லோரும் கைமாற்றிய துவக்கு, வெறும் துவக்கு என்றுதான் நான் நம்பினேன். தம்பி சுவரோரமாக நிலத்தில் இருந்து விசுக்கோத்துத் தின்றுகொண்டிருந்தான். சின்னம்மா மற்றப் பெண்களோடு சேர்ந்து தேத்தண்ணி பரிமாறிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தார்.

நான் மேசையிலிருந்து ரைபிளைத் தூக்கினேன். நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. கட்டையை வயிற்றில் முட்டுக்கொடுத்து, தம்பிக்கு நேரே நீட்டினேன். விரலை உள்ளே விட்டேன். வெளியே வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், ஆனால் உள்ளே விட்டால்தான் சின்னம்மா வேகமாக வருவார் என்றும் தெரியும். நான் தம்பியைப் பார்க்கவேயில்லை. சின்னம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தட்டு விழுந்த சத்தம் பிறகுதான் கேட்டது. அதற்கு முன்பே சின்னம்மாவின் இடக்கை குழலைக் கூரைப் பக்கம் தூக்கிவிட்டது, வலக்கை என் மணிக்கட்டை முறுக்கிவிட்டது. துவக்கு அவர் கையில் இருந்தது. ஆளில்லாத சுவர்ப்பக்கம் திரும்பினார். அவர் விரல் விசைவில்லுக்கு வெளியே நீண்டு நின்றது. குழலை முறித்துத் திறந்து உள்ளே பார்த்தார். சட்டையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி, குழலின் அடியில் இறுகியிருந்த ஈயக் குண்டைக் கிளறி எடுத்தார். அது சீமெந்து நிலத்தில் விழுந்து உருண்டது. இன்னொருதரம் உள்ளே பார்த்தார், சின்னிவிரலை விட்டும் பார்த்தார். ரைபிளைத் திறந்தபடியே, வாய் சுவரைப் பார்க்க மேசையில் வைத்தார். பிறகு தம்பியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மொத்தமும் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கிற நேரம். அந்த நேரம் முழுவதும் அவர் முகம் எனக்குத் தெரிந்த சின்னம்மாவின் முகமாக இல்லை.

காலையிலிருந்து அந்தக் கட்டிடத்தில் துவக்கைச் சரியாகக் கையாண்ட ஒரே ஆள் அவர்தான். சரியாகக் கையாண்டதால்தான் பிடிபட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கையைத் தட்டிக்கொண்டு துள்ளினேன். "பாத்தீங்களா? பாத்தீங்களா? நான் பொய் சொல்லல்லதானே!" என்று கத்தினேன்.

கையலம்பிவிட்டு வந்த ஐயா வாசலில் நின்று கடைசிப் பகுதியைப் பார்த்திருந்தார். குனிந்து அந்தக் குண்டைப் பொறுக்கினார். சின்னம்மாவைப் பார்த்தார். சின்னம்மாவும் அவரைப் பார்த்தார். பட்டாளத்தில் இருந்த மனிதர், அவருக்கா விளங்காது? அவர் தன் உடைந்த தமிழில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "பாத்தீங்களா, இந்த அம்மே மட்டும் நான் சொன்ன பாடம் நல்லா கேட்டது. மத்த ஆள் எல்லாம் சிரிச்சது." பிறகு மொழிபெயர்த்தவரை வெளியே கூட்டிக்கொண்டு போய் சிங்களத்தில் கிழித்தெடுத்தார். வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவரால் விசாரணையும் வரவில்லை, பதிவும் வரவில்லை.

கேட்க வேண்டியதை எங்கள் ஆட்களே பார்த்துக்கொண்டார்கள். விதானையார் எழும்பி, சால்வையை உதறித் தோளில் போட்டார். "கொன்வென்டில நல்லாத்தான் படிப்பிச்சிரிக்காங்க," என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார். மாப்பிள்ளை ஹெல்மெட்டைக் கையில் வைத்து அதன் வாரைத் திருகிக்கொண்டு நின்றார். சின்னம்மா உடைந்த கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கிக் கூட்டி அள்ளினார். ஒருவரும் உதவிக்குக் குனியவில்லை.

இரண்டு கிழமைக்குள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது. சாதகத்தை இன்னொருதரம் பார்த்தார்களாம், பொருந்தவில்லையாம். முன்பு பொருத்தம் சொன்ன அதே சாத்திரியார்தான். சின்னம்மா, "சரி, அதுக்கென்ன," என்று சொல்லிவிட்டு மெசினை மிதித்தார். அந்தச் சேலையைச் சில மாதம் கழித்து அம்மா யாருக்கோ கொடுத்துவிட்டார். அதன் பிறகு இரண்டு இடத்தில் பேசினார்கள், இரண்டும் கதை கேள்விப்பட்டதும் நின்றுபோயின. மாப்பிள்ளைக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். எங்கள் வேலியோரம் அவர் இப்போதும் போகிறார், மெதுவாக்குவதில்லை. சின்னம்மாவுக்கு நாற்பது நெருங்குகிறது. போன வருடம் ஒருநாள் துணிந்து, "சின்னம்மா, அண்டைக்கு நான் செய்தது..." என்று தொடங்கினேன். "எண்டைக்குப் புள்ள?" என்று கேட்டுவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை. வேண்டாத இடத்திலெல்லாம் வந்த வாய்!

ஆனால் கலியாணம் நின்றதைவிட என்னை அதிகம் குத்துவது, அன்று பின்னேரம் நடந்த ஒரு சின்ன விசயம்.

செத்தவீட்டிலிருந்து அம்மா திரும்பி வந்தபோது கதை அவருக்கு முன்பே வீட்டுக்கு வந்திருந்தது. குளிக்கக்கூடப் போகாமல் முற்றத்தில் நின்றபடியே பூவரசங் கம்பு ஒன்றை முறித்தார். கலியாணத்தைப் பற்றி அவர் முதலில் கேட்கவில்லை. "துவக்கில குண்டு இரிந்தயாம். உண்மையா?" என்று சின்னம்மாவைக் கேட்டார். சின்னம்மா ஓம் என்றார்.

"இவள் விரல உள்ளுக்கு விட்டிரிந்தாளா? அதச் சொல்லு முதல்ல. எனக்கு அது தெரியணும்."

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். உள்ளே விட்டிருந்தேன் என்று சொன்னால் என் தோல் உரியும் என்று தெரியும். அன்றிரவே கட்டாருக்கும் போன் போகும். சின்னம்மா தம்பிக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தார். கையிலிருந்த உருண்டையை அவன் வாயில் வைத்துவிட்டு, நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"இல்லக்கா. விரல் வெளியாலதான் இரிந்த. நான் வடிவாப் பாத்தன்."

அம்மா கம்பைப் போட்டுவிட்டுப் படியில் இருந்து அழுதார். எனக்குப் பெரிய நிம்மதி. அந்த அவசரத்தில் சின்னம்மா என் விரலைச் சரியாகக் கவனிக்கவில்லை, நல்லகாலம் தப்பினேன் என்று நினைத்துக்கொண்டு, போய் அவர் பக்கத்தில் இருந்து எனக்கும் சோறு தீத்தச் சொன்னேன்.